இலத்தீன் பாடமும் இல்லத்துத் தாயும்

துப்பறியும் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலப் பெண்மணி ஒருவர் 1947ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் நகரத்து விடுமுறைக்கால வகுப்பொன்றிலே ஒரு கட்டுரை வாசித்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலே, ஒரு கல்வி இயக்கம் அக்கட்டுரையைத் தன் மூலநூலாக வரித்துக்கொண்டது. அப்பெண்மணி டொறதி சேயர்ஸ் அம்மையார். கட்டுரையின் பெயர் ‘கல்வியின் தொலைந்துபோன கருவிகள்’ என்று பொருள்படும். இயக்கமோ அமெரிக்க ஐக்கிய நாட்டில் ‘செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி’ எனும் பெயரால் இன்று பரவி நிற்பது. அதன் ஒரு கிளை, பிள்ளையை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் வகுப்பறையிலும் ஏனைய நாட்களில் வீட்டிலே பெற்றோரின் கண்காணிப்பிலும் படிப்பிக்கிறது. இக்கிளையையும் அதற்கு மூலமான கட்டுரையையும் ஒருங்கே வைத்து ஆராய்வது நமது நோக்கம். வேற்று நாட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். கல்வி யாருடைய பொறுப்பு, யாருடைய உழைப்பு என்ற வினாவுக்கு வேற்று நாடு என்பதில்லை.

முதலிற் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். அதனைப் படிப்போர் எவரும் அதன் கவர்ச்சியை மறுத்தல் இயலாது. எழுத்தறிவு முன்னெக்காலத்தையும் விடப் பெருகியிருக்கும் ஒரு காலத்தில், விளம்பரத்துக்கும் பிரசாரத்துக்கும் மக்கள் இத்துணை எளிதில் இரையாவது ஏன் என்று அம்மையார் கேட்கிறார். பாடங்கள் பலவற்றைக் கற்பிக்கிறோம், கற்கும் முறையைக் கற்பிக்கத் தவறிவிட்டோம் என்பது அவர் காணும் விடை. 1922 முதல் 1931 வரை இலண்டனிலுள்ள விளம்பர நிறுவனமொன்றில் விளம்பர வாசகம் எழுதியே பிழைத்தவர் அவர். ஆகவே பிரசாரத்தின் வலிமையைப் பற்றி அவர் சொல்வதைக் கேள்வி ஞானம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகள் கழிந்த வேளையில் அவ்வினா எழுந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அவர் கூறும் பரிகாரம் மத்தியகாலத்துக்குத் திரும்புதல். இலக்கணம், தருக்கம், சொல்லணி ஆகிய மூன்றும் அக்காலத்தில் ‘திரிவியம்’ என வழங்கின. இம்மூன்றனுள் தேர்ச்சி பெற்ற பின்னரே கணிதம், கேத்திரகணிதம், வானியல், இசை எனும் நான்குக்கு மாணாக்கன் செல்வான். சேயர்ஸ் அம்மையார் இம்மூன்று கலைகளையும் பிள்ளையின் மூன்று பருவங்களாக மாற்றினார். ஏறக்குறைய ஒன்பது வயது முதல் கிளிப்பிள்ளைப் பருவம், எதையும் மனனஞ் செய்ய விரும்புவது. அதன்பின் எதிர்த்துப் பேசும் பருவம், பெரியோரின் தவறுகளைப் பிடித்துக் காட்டுவதில் இன்பங் காண்பது. பதினான்கு வயதளவில் கவிதைப் பருவம், தன்னை வெளிப்படுத்தத் தவிப்பது. முதற் பருவத்துக்கு இலக்கணம், இரண்டாவதற்குத் தருக்கம், மூன்றாவதற்குச் சொல்லணி. இலத்தீன் மொழி எல்லாவற்றுக்கும் அடித்தளம், இறையியல் எல்லாவற்றுக்கும் தலைமை.

அழகிய கட்டமைப்புத்தான். ஆனால் இதற்கு ஆதாரம் யாது? தமக்கு நன்கு தெரிந்த பிள்ளை தாமே என்றும், தம் குழந்தைப் பருவத்தை நினைவுகூர்ந்தே இதனைச் சொல்வதாகவும் அம்மையாரே ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். மத்தியகாலத்தில் திரிவியம் என்பது வயதின் படிமுறையாக இருந்ததில்லை. பாரிசிலும் ஒக்ஸ்போட்டிலும் கலைப்பீடம் புகுந்த இளைஞர் கற்ற கலைகளே அவை. ஐந்தாம் நூற்றாண்டிலே கார்த்தேஜில் வாழ்ந்த மார்ட்டியானுஸ் கப்பெல்லா அவற்றை மணமகளின் தோழியராக உருவகித்து நூல் செய்தான். அவனும் அவற்றைப் பிள்ளைகளின் வயதோடு பொருத்தினானல்லன். ஒரு தனி மனுஷியின் நினைவு உளவியலாகி, அவ்வுளவியல் வரலாறாகி, அவ்வரலாறு இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நேரசூசியாகி நிற்கிறது. தமது திட்டம் நடைமுறைக்கு வரும் என்று அம்மையார் எதிர்பார்க்கவுமில்லை. அது பெரும்பாலும் நடவாத காரியம் என்றே தொடக்கத்திற் கூறிவிடுகிறார். கட்டுரையாசிரியரின் அடக்கம் அவரைப் பின்பற்றுவோரிடம் இல்லாதது அவர் குற்றமன்று.

அந்தப் பிள்ளை யார் என்பதையும் பார்க்க வேண்டும். தந்தையார் திருச்சபைக் குருவானவர், முன்னர் ஒக்ஸ்போட்டிலே பாடகர் பள்ளித் தலைமையாசிரியராயிருந்தவர். மகளுக்கு ஏழு வயது நிரம்புமுன்னரே வீட்டில் இலத்தீன் சொல்லிக்கொடுத்தார். கற்றறிந்த தகப்பன், கற்பிக்க ஓய்வு, அந்த ஓய்வைத் தாங்கப் பிறர் உழைப்பு ஆகிய மூன்றும் அவ்வீட்டிலிருந்தன. அத்தகைய வீட்டிலே வளர்ந்த பிள்ளையின் அனுபவத்தைப் பிள்ளைகள் அனைவரதும் இயற்கை என்று கொள்வதிலேதான் கட்டுரையின் அடிப்படைக் கோளாறு கிடக்கிறது. வேடிக்கை என்னவெனில், 1952இல் இலத்தீன் போதனை பற்றிப் பேசியபோது, ஏறக்குறைய இருபது ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னும் தம்மால் ஓர் இலத்தீன் நூலாசிரியனையேனும் தங்குதடையின்றி வாசிக்க முடியவில்லை என்று அம்மையார் கூறியிருக்கிறார். அவ்வுரையை இயக்கத்தினர் அத்துணை ஆர்வத்தோடு எடுத்துக்காட்டுவதாகத் தெரியவில்லை.

இக்கட்டுரையை அமெரிக்கப் பழமைவாதிகளின் ‘நாஷனல் ரிவியூ’ சஞ்சிகை மறுபிரசுரஞ் செய்தது. 1981இல் ஐடகோ மாநிலத்து மொஸ்கோ நகரில் டக்ளஸ் வில்சன் எனும் போதகரும் அவர் நண்பர்களும் ‘லோகொஸ்’ பாடசாலையைத் தொடங்கினர். 1991இல் வில்சன் எழுதிய நூல், சேயர்ஸ் அம்மையாரின் தலைப்பையே தழுவி, தொலைந்த கருவிகளை மீட்பது பற்றிப் பேசிற்று. அதன்பின் இத்தகைய பாடசாலைகளின் சங்கம் தோன்றியது. 1993இல் டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டன் நகரில் ‘கிரேஸ் பிரிபரேற்றரி அக்கடமி’ திறக்கப்பட்டது. சர்வகலாசாலை மாணவர் சில நாட்கள் மட்டும் விரிவுரைக்குச் சென்று ஏனைய நாட்களில் தாமாகப் படிப்பது போல, இங்கும் பிள்ளைகள் சில நாட்களே வகுப்புக்கு வருவர். ஆதலின் இது ‘சர்வகலாசாலை மாதிரி’ எனப் பெயர்பெற்றது. இம்மாதிரியைக் கைக்கொண்ட பாடசாலைகள் எல்லாம் செவ்வியற் பாடத்திட்டம் உடையனவல்ல. எனினும் இரண்டும் இணைந்த பாடசாலைகள் பல. 1997இல் வட கரொலைனாவில் ஆரம்பமான ‘கிளாசிக்கல் கொன்வசேஷன்ஸ்’ இன்னும் ஒருபடி சென்று, வாரத்தில் ஒரு நாள் மட்டும் குடும்பங்களை ஒன்றுகூட்டி, மீதியனைத்தையும் வீட்டிடம் ஒப்படைத்தது. அங்கே சிறு பிள்ளைகள் உலக வரலாற்றின் காலவரிசையைப் பாட்டாகவே பாடி ஒப்புவிப்பர்.

மனனத்தைக் கேலி செய்வது முற்போக்கின் அடையாளம் என்று எண்ணுவோருடன் நாம் உடன்படவில்லை. நம்மவர் நிகண்டையும் எண்சுவடியையும் பொருள் விளங்குமுன்னரே நெட்டுருப் பண்ணினர். அவ்வாறு கற்றோருட் பெரும் புலவர் தோன்றினர். பிழை நெட்டுருவில் இல்லை. அத்திண்ணையில் ஏற எந்தச் சாதிப் பிள்ளைக்கு உரிமை இருந்தது, எந்தச் சாதிப் பிள்ளைக்கு இருக்கவில்லை என்பதே யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றைப் படிப்போர் கேட்கவேண்டிய வினா. அதே வினாவைத்தான் டெக்சாஸ் திண்ணையைப் பார்த்தும் கேட்கிறோம்.

இப்பாடசாலைகளை நாடும் பெற்றோர் எல்லோரும் பிற்போக்காளர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது எளிது. அது விமர்சனமாகாது. 2002இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டத்தின் பின் அமெரிக்கப் பொதுப் பாடசாலைகளில் வாசிப்பும் கணக்கும் பரீட்சைப் புள்ளிகளாகச் சுருங்கின. முழு நூலொன்றை வாசித்து விவாதிக்கும் வகுப்பு அருகிற்று. தன் பிள்ளை ஹோமரை வாசிக்க வேண்டும், தருக்கம் பயில வேண்டும், மாலையில் களைத்து வரும் அந்நியனாக இராது தன்னோடு பேச வேண்டும் என்று ஒரு தாய் விரும்பினால், அவ்விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. பெற்றோர் உரிமை என்பதும் எப்பொழுதும் பிற்போக்கின் கோஷமாய் இருந்ததில்லை. 1922இல் ஓறிகன் மாநிலம் பிள்ளைகள் யாவரும் பொதுப் பாடசாலைக்கே செல்ல வேண்டும் எனச் சட்டமியற்றியபோது அதனை ஆதரித்து நின்றது கத்தோலிக்கரை வெறுத்த கூ க்ளக்ஸ் கிளான் கூட்டம். 1925இல் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதாக்கியது சிறுபான்மையோருக்குக் கிடைத்த பாதுகாப்பேயாகும்.

ஆயினும் இவ்வியக்கத்தின் காலப் பின்னணியை மறைத்தல் தகாது. 1954இல் இனவாரிப் பாடசாலைகளை உயர்நீதிமன்றம் சட்டவிரோதமாக்கியபின், தென் மாநிலங்களில் வெள்ளையர் பலர் தனியார் பாடசாலைகளைத் தோற்றுவித்துத் தம் பிள்ளைகளை விலக்கிக்கொண்டனர். அவற்றுட் பல கிறிஸ்தவப் பெயர் தாங்கியவை. 1962, 1963ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகள் பொதுப் பாடசாலையில் அரசு நடத்தும் செபத்தையும் வேத வாசிப்பையும் நிறுத்தின. இவ்விரு கோபங்களும் சேர்ந்து உழுத நிலத்திலேதான் பின்வந்த வீட்டுக்கல்வி இயக்கமும் விளைந்தது. வில்சன் 1996இல் இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்ட சிறு நூல், தென்னாட்டு அடிமை முறையில் எசமானுக்கும் அடிமைக்குமிடையே அன்பும் நம்பிக்கையும் நிலவின என்று வாதிட்டது. ஐடகோ சர்வகலாசாலை வரலாற்றாசிரியர் அதனைக் கண்டித்து மறுப்பெழுதினர். வேறொரு நூலின் பகுதிகள் உரிய குறிப்பின்றி அதில் எடுத்தாளப்பட்டிருந்தமையும் வெளியாயிற்று. செவ்வியல் கிறிஸ்தவப் பாடசாலைகள் யாவும் வில்சனின் கருத்தை ஏற்பதில்லை. அவரை வெளிப்படையாக நிராகரித்தோரும் உளர். ஆனால் தருக்கத்தை மீட்கப் புறப்பட்டவரின் தருக்கம் சென்றடைந்த இடம் அதுவென்பதைக் குறிக்காமல் விடுவது நேர்மையாகாது.

‘சுதந்திரக் கலைகள்’ எனும் தொடர் தோன்றியதே அடிமைச் சமுதாயத்தில். உழைக்கும் கட்டாயம் இல்லாத சுதந்திர மனிதனுக்கு உரிய கலைகள் என்பதே அதன் பொருள். கிரேக்கத்தில் பள்ளியைக் குறித்த சொல்லும் ஓய்வைக் குறித்த சொல்லும் ஒன்றே. பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிச்சென்றவன் அடிமை. உரோமாபுரியில் இலக்கணம் போதித்தோர் பலர் அடிமைகளாயும் விடுவிக்கப்பட்ட அடிமைகளாயும் இருந்தனர். அகஸ்தஸ் சக்கரவர்த்தியின் பேரர்களுக்கு ஆசிரியனாயிருந்த வெர்ரியுஸ் பிளாக்குஸும் அத்தகையவனே. ஒருவனுடைய ஓய்வின் அடியில் இன்னொருவனுடைய உழைப்பு கிடந்தது. செவ்வியல் மரபை மீட்பதாகச் சொல்வோர் அதன் இலத்தீனை மீட்கும்போது அடியிற் கிடந்ததை என்ன செய்தனர்?

அதனை வீட்டுத் தாயிடம் கொடுத்தனர் என்பதே நமது விடை. சர்வகலாசாலை மாதிரிப் பாடசாலையின் வாரத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வகுப்பு நாட்களில் ஆசிரியர் பாடத்தைத் தொடக்கி வைக்கிறார். ஏனைய நாட்களுக்குரிய வேலைத் தாள் வீடு வருகிறது. கீழ் வகுப்புகளில் பெற்றோர் துணையாசிரியர், நடு வகுப்புகளில் மேற்பார்வையாளர், மேல் வகுப்புகளில் வழிகாட்டி. ‘பெற்றோர்’ என்பது பாடசாலையின் கையேட்டுச் சொல். வேலை நாளொன்றின் காலை ஒன்பது மணிக்குச் சமையலறை மேசையின் முன் இலத்தீன் வேற்றுமை உருபுகளைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, இடுப்பிலிருக்கும் குழந்தைக்குப் பாலூட்டி, அடுப்பையும் பார்ப்பவர் பெரும்பாலும் தாய். பாடசாலையின் கட்டணம் முழுநேரத் தனியார் பாடசாலையை விடக் குறைவு என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. குறைந்த பகுதி மறைந்துபோய்விடவில்லை. கூலியில்லாத உழைப்பாக அது வீட்டுக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது. கட்டணத்தை விட்டுக்கொடுப்பதாக எண்ணும் குடும்பம், உண்மையில் தாயின் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறது. மறுபுறத்தில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் நடக்கும் பாடசாலையில் ஆசிரியர் பெரும்பாலும் பகுதிநேர ஊழியராகிறார். அவ்வாசிரியரும் அநேகமாக ஒரு பெண். கல்வித் தொழிலாளர் ஒருவரின் முழுநேர வேலை இரண்டாகப் பிளக்கப்பட்டு, ஒரு பாதி குறைந்த கூலிக்கும் மறுபாதி கூலியின்றியும் இரு பெண்களிடம் சேர்கிறது. ஆசிரியர் சங்கங்களில் உழைக்கும் நம் வாசகர் இக்கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இதனோடு சேயர்ஸ் அம்மையாரின் வாழ்வை ஒப்பிடுகையில் முரண்பாடு இன்னும் கூர்மையாகிறது. ஒக்ஸ்போட் பெண்களுக்குப் பட்டம் வழங்க முதன்முதலாக இணங்கிய 1920ஆம் ஆண்டில் அப்பட்டத்தைப் பெற்றவருள் அவரும் ஒருவர். 1938இல் ‘பெண்கள் மனிதரா?’ எனும் தலைப்பில் உரை நிகழ்த்தி, பெண்ணை ஒரு வகுப்பாகப் பாராது தனக்கெனத் தொழிலும் விருப்பும் உடைய தனி மனிதராகக் காண வேண்டும் என வாதாடியவர். அவர் வரைந்த பாடத்திட்டத்தில் ஆசிரியர் பாடசாலையில் இருந்தார். அதனை நிறைவேற்றும் சுமை தாயின் தலையில் ஏறும் என்று அவர் எங்கும் எழுதவில்லை. அவரைக் குருவாகக் கொண்டோர் அந்த உரையையும் பாடநூலாக்கியிருப்பின் அவ்வீடுகளிலே சுவையான விவாதங்கள் எழுந்திருக்கும். எதிர்த்துப் பேசும் பருவத்துக்கு உகந்த பொருள் அது.

இம்முறையிலிருந்து யார் விலக்கப்படுகின்றனர் என்பதைச் சொல்ல புள்ளிவிபரம் வேண்டியதில்லை, நேரசூசியே போதும். பண்டசாலையில் இரவு முறையில் வேலை செய்யும் தகப்பனும் உணவகத்தில் பரிமாறும் தாயும் செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருக்க முடியாது. தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்க்கு அது கனவிலும் இயலாது. வாசலில் எந்தப் பலகையும் தொங்கவேண்டியதில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய்க் காலத்திலே வீடு வகுப்பறையானபோது வீடுகள் ஒன்றுபோலில்லை என்பதை நாமும் கண்ணாற் கண்டோம். ஊவாவில் தொலைபேசிச் சமிக்ஞை தேடிக் குன்றேறிய பிள்ளைகளை வாசகர் மறந்திருக்கமாட்டார்.

இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்சி சிறையிலிருந்து எழுதிய குறிப்புகள் இவ்விடத்தில் நமக்குத் துணைபுரிகின்றன. சார்டீனியத் தீவின் வறிய குடும்பத்திற் பிறந்து இலத்தீனும் கிரேக்கமும் வருந்திக் கற்றவர் அவர். செவ்வியல் மொழிகளைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வேண்டாத ஆடம்பரம் என்று அவர் தள்ளவில்லை. நீண்ட நேரம் ஓரிடத்தில் அமர்ந்து ஒன்றனை ஊன்றிப் பார்க்கும் பழக்கத்தை அவை பயிற்றின எனக் கண்டார். தொழிலாளிக்குத் தொழிற்பள்ளி, கனவானுக்குச் செவ்வியற் பள்ளி என்ற பிரிவு சனநாயகம் போலத் தோன்றி வர்க்க வேறுபாட்டை நிலைநாட்டும் என எச்சரித்தார். நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றையும் அவர் சொன்னார்: படித்த குடும்பத்துப் பிள்ளை வீட்டிலேயே பள்ளிக்குரிய ஆயத்தத்தையும் அதன் தொடர்ச்சியையும் பெற்றுவிடுகிறது, ஏழைப் பிள்ளை அதனை வியர்வை சிந்திப் பெறவேண்டியிருக்கிறது என்று. ஆகவே, வீடு தரமுடியாததை எல்லாப் பிள்ளைகளுக்கும் தரக்கூடிய பொதுப் பள்ளியை அவர் கோரினார். சர்வகலாசாலை மாதிரியோ இதற்கு நேரெதிரான திசையிற் செல்கிறது. வீட்டின் ஏற்றத்தாழ்வைப் பள்ளி நிரவுவதற்குப் பதிலாக, அந்த ஏற்றத்தாழ்வையே அது பாடத்திட்டத்தின் பாதியாக அமைத்துக்கொள்கிறது.

இது தனிப்பட்ட குடும்பங்களின் தெரிவாக மட்டும் இருந்த காலமும் போயிற்று. 2022இல் அரிசோனா மாநிலம் பொதுப் பாடசாலைக்கு வெளியே படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் அரச பணம் கிடைக்க வழிசெய்தது. 2025இல் டெக்சாஸ் நூறு கோடி டொலர் ஒதுக்கி இத்தகைய கணக்குத் திட்டத்தைச் சட்டமாக்கிற்று. அரசு தமது பிள்ளைகளைத் தொடக்கூடாது என்று கூறி வளர்ந்த இயக்கத்தினருள்ளேயே இப்பணத்தை ஏற்பதா மறுப்பதா என்று பிளவு உண்டு. பணத்தோடு கட்டுப்பாடும் வரும் என அஞ்சுவோர் சிலர், வரிப்பணத்தில் தமக்கும் பங்குண்டு என்போர் சிலர். அவர்களுடைய விவாதத்தில், பொதுப் பாடசாலையிலே எஞ்சியிருக்கப்போகும் பிள்ளையின் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. 1945இல் இலவசக் கல்வி பெற்று, அதன் பலனாகவே எழுதவும் வாசிக்கவும் முடிந்த நம் தலைமுறைகள் அப்பிள்ளையையே முதலிற் பார்க்கும்.

செவ்வியற் கல்வி உழைக்கும் மக்களுக்கும் உரியதாகலாம் என்பதற்கு அமெரிக்காவிலேயே வேறொரு மரபு உண்டு. விடுதலைபெற்ற கறுப்பின மக்களுக்குத் தச்சும் தையலும் போதும் என்று பலர் சொன்ன காலத்தில், வில்பர்போர்ஸ் கலாசாலையில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர் டு பொய்ஸ். 1903இல் வெளிவந்த அவருடைய நூல் அந்தக் குறுகிய கல்விக் கொள்கையை நேருக்குநேர் எதிர்த்தது. இவரினும் நமது பொருளுக்கு நெருங்கியவர் அன்னா ஜூலியா கூப்பர். 1858இல் வட கரொலைனாவில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். ஆண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கிரேக்க வகுப்பிலே இடங்கேட்டுப் போராடிப் பெற்றவர். வாஷிங்டன் நகரத்து ‘எம்’ வீதிப் பாடசாலையில் இலத்தீன் ஆசிரியையாயும் பின்னர் அதிபராயும் இருந்து, கறுப்பின மாணவரை நாட்டின் மிகச் சிறந்த சர்வகலாசாலைகளுக்கு அனுப்பினார். அத்தகைய பிள்ளைகளுக்கு அத்துணை உயர்ந்த கல்வி எதற்கு என்ற எதிர்ப்பின் நடுவே 1906இல் அதிபர் பதவியை இழந்தார். 1925இல் பாரிஸ் நகரத்துச் சோர்போனிலே கலாநிதிப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது அறுபத்தாறு.

கூப்பரும் தம் வீட்டைப் பள்ளியாக்கினார். 1930இல் அவர் தலைமையேற்ற பிரெலிங்ஹைசன் சர்வகலாசாலைக்குக் கட்டிடமில்லாது போனபோது, வகுப்புகளை வாஷிங்டனிலிருந்த தமது சொந்த வீட்டுக்கே கொண்டுவந்தார். பகலெல்லாம் பிறர் வீடுகளிலும் தொழிலகங்களிலும் வேலை செய்த கறுப்பின ஆண்களும் பெண்களும் அங்கே வந்து படித்தனர்.